முப்பத்திரண்டாவது நொடியில போனை வெச்சது யாரு?

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான். "ஆஸ்டரிஸ்க் போட்டுட்டேன், ரிங் போகுது, எடுக்கறாங்க, பேச்சும் நல்லாக் கேக்குது, அப்புறம் கொஞ்ச நேரத்துல தானா கட் ஆயிருது. என்ன பண்றது?" ரெண்டு வரியில பதில் சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா இந்தக் கேள்வியில எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கு. இதே பிரச்சினையில ஒரு அக்காவுக்கு மெமோ வாங்கிக் கொடுத்தவன் நான். அதனால முழுசாவே சொல்லிடறேன்.

புதுசாக் கேக்கறவங்களுக்காக முதல்ல கொஞ்சம். ஆஃபீஸ்ல ரிசப்ஷனுக்குப் பின்னாடி சுவத்துல ஒரு பெட்டி தொங்கறதைப் பார்த்திருப்பீங்க. அதுல இருந்து கத்தை கத்தையா வயர் கிளம்பிப் போகும். இபிஏபிஎக்ஸ்னு பேரு, நம்மூர்ல பாதிப் பேர் இன்டர்காம் பெட்டின்னே சொல்லுவாங்க. அந்தப் பெட்டி செய்யற வேலையை ஒரு சாதாரண கம்ப்யூட்டர்ல செய்யற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்தான் ஆஸ்டரிஸ்க். "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்"னு ஒரு குரல் வருதே, அது. "எங்கள் பிரதிநிதிகள் வேறு அழைப்பில் உள்ளனர்"னு பாட்டுப் போட்டு நிக்க வைக்குதே, அது. எல்லாப் பேச்சையும் ரெக்கார்ட் பண்றது, யார் யாரை எப்பக் கூப்பிட்டாங்கன்னு கணக்கு வெக்கறது, எல்லாமே அதுக்குள்ள இருக்கு.

இது பொறந்த கதை நல்லா இருக்கும். 1999-ல அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல மார்க் ஸ்பென்சர்னு ஒரு காலேஜ் மாணவர். லினக்ஸ் பயன்படுத்தறவங்களுக்கு உதவி செய்யற ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பிக்கறார். கஸ்டமர் போன் பண்ணுவாங்க, அதைப் பிரிச்சு அனுப்ப ஒரு எக்ஸ்சேஞ்ச் பெட்டி வேணும். விலையைக் கேட்டா தலை சுத்துது. வாங்கறதுக்குக் காசு இல்ல, சரி நாமளே எழுதிடுவோம்னு உக்காந்துட்டார். எழுதினதை எல்லாருக்கும் திறந்து விட்டுட்டார். யூனிக்ஸ்ல நட்சத்திரக் குறிக்கு 'எது வேணா இருக்கலாம்'னு அர்த்தம். எந்த போனையும் எந்த லைனையும் சேர்த்து வெக்கும்கறதால அந்தக் குறியோட பேரையே வெச்சுட்டார்.

காசு இல்ல, நாமளே செஞ்சுக்கலாம்கறது கோயமுத்தூர்க்காரனுக்கு விளக்கவே தேவையில்லாத விஷயம். 1937-லயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து எலக்ட்ரிக் மோட்டாரை இங்கேயே செஞ்சு காட்டின ஊர் இது. அதுக்கப்புறம் சந்துக்குச் சந்து ஃபவுண்டரி, லேத் பட்டறை, பம்ப் கம்பெனி. இன்னைக்குச் சொல்லப் போறதும் ஒரு பம்ப் கம்பெனியில நடந்ததுதான். கணபதி பக்கம். பேர் வேண்டாம்.

2025 ஏப்ரல். அவங்க சர்வீஸ் டெஸ்க்குல ஆறு பேர் உக்காந்திருப்பாங்க. மோட்டார் ஓடல, தண்ணி ஏறல, ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகுதுன்னு விவசாயிங்க, டீலருங்க கூப்பிடுவாங்க. கோடையில போன் அடிச்சுட்டே இருக்கும், ஏன்னா கிணத்துல தண்ணி கீழ போகப் போக மோட்டாருக்குச் சோதனைக் காலம். அங்க ஒரு பழைய ஆஸ்டரிஸ்க் வருஷக்கணக்கா ஓடிட்டு இருந்தது. ஹார்ட் டிஸ்க் முனக ஆரம்பிச்சதும் என்னைக் கூப்பிட்டாங்க. புது சர்வர், புது ஆஸ்டரிஸ்க் 22.

இங்கதான் ஒரு சிக்கல். பழைய ஆஸ்டரிஸ்க்ல போன் லைன்களைப் பார்த்துக்கற பகுதிக்கு சான்-சிப்னு பேரு. அதை 21-ஆம் பதிப்புல மொத்தமா எடுத்துட்டாங்க, 2023-ல. இப்ப இருக்கறது பிஜேசிப். பழைய கான்ஃபிக் ஃபைலை அப்படியே காப்பி பண்ண முடியாது, வரி வரியா மாத்தி எழுதணும். நான் எழுதினேன். ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி மாத்தினேன். என் மொபைல்ல இருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். வரவேற்புக் குரல் வந்துச்சு, ஒண்ணு அழுத்தினேன், மேஜையில போன் அடிச்சுது, வாட்ச்மேன் அண்ணன் எடுத்து "ஹலோ"ன்னார். நானும் "ஹலோ"ன்னேன். சத்தம் ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி. வெச்சுட்டேன். வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்கினேன். இந்த டெஸ்ட்டை ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்ப வருவோம்.

புதன்கிழமை மேனேஜர் போன் பண்றார். "தம்பி, டீலருங்க எல்லாம் சத்தம் போடறாங்க. பேசிட்டு இருக்கறப்பவே நம்ம புள்ளைங்க போனை வெச்சிடறாங்களாமா. என்னன்னு பாருங்க."

வீட்டுல இருந்தே சர்வருக்குள்ள போனேன். நானே போட்டுக் கொடுத்த ரிப்போர்ட் ஒண்ணு இருந்தது. அதுல ஒரு பத்திக்குப் பேரு, "யார் வெச்சாங்க". கஸ்டமர் பக்கம், நம்ம பக்கம்னு ரெண்டுல ஒண்ணு வரும். பார்த்தா வரிசையா 'நம்ம பக்கம்', 'நம்ம பக்கம்', 'நம்ம பக்கம்'. லைன்ல தப்பு இருந்தா கஸ்டமர் பக்கம் கட் ஆன மாதிரி வரும்னு என் மனசுல ஒரு நினைப்பு. அதனால ரொம்பத் தெளிவா அவர்கிட்டச் சொன்னேன்: "சார், லைன் சுத்தமா இருக்கு. நம்ம பக்கத்துல இருந்துதான் கட் ஆகுது."

இந்த ஒரு வாக்கியம்தான். நான் 'நம்ம பக்கம்'னு சொன்னது சர்வரை. அவர் காதுல விழுந்தது ஆளுங்க. அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன், ஏன்னா நானும் அப்ப மனசுக்குள்ள ஆளுங்களைத்தான் நினைச்சேன். கோடை, கூட்டம், டீக்குப் போகணும், ஒரு காலை வெட்டி விட்டிருப்பாங்கன்னு. ரிப்போர்ட்டைப் பேர்வாரியாப் பிரிச்சு அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். ஒரு அக்கா பேர்லதான் அதிகம். அங்க பல வருஷமா இருக்கறவங்க. வெள்ளிக்கிழமை அவங்களுக்கு மெமோ. அந்த மாச இன்சென்டிவும் நிறுத்தி வெச்சுட்டாங்க.

அவங்க பேர்ல ஏன் அதிகம்? அவங்கதான் அதிகமா போன் எடுக்கறாங்க. அதிகமா எடுக்கறவங்க பேர்லதான் அதிகமா கட் விழும். ஆறாங்கிளாஸ் கணக்கு. எங்க ரெண்டு பேருக்குமே அன்னைக்குத் தோணல.

சனிக்கிழமை ஒரு ஹெட்செட் மாத்தறதுக்காக நேர்ல போனேன். அந்த அக்கா என்கிட்ட வந்து நின்னாங்க. கோவமா எல்லாம் இல்ல. "ஏனுங் தம்பி, நான் ஒண்ணும் கட் பண்ணலீங். அவங்க பேசிட்டே இருக்காங்க, திடீர்னு போயிருதுங். இன்னொன்னுங், நாங்க வெளிய கூப்பிட்டுப் பேசறப்ப அவங்க வெச்சுடறாங்க, ஆனா என்ர போன்ல நிமிஷம் ஓடிட்டே இருக்குதுங். நான்தான் கட் பண்ணி விட வேண்டியிருக்குது. பழசுல இப்படி இல்லீங்."

மொத்த நோயையும் ரெண்டு அறிகுறியாப் பிரிச்சு என் கையில கொடுத்துட்டாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஹெட்செட் மாத்தியிருக்கேன் அக்கா, இனிமே சரியாயிடும்."

அடுத்த ரெண்டு நாள் நான் பார்த்த வேலைகளைச் சொன்னா இந்தத் தொழில்ல இருக்கறவங்க சிரிப்பாங்க. நெட்வொர்க் ஸ்விட்ச் மாத்தினேன். கேபிள் மாத்தினேன். கோடெக் மேல சந்தேகப்பட்டேன். ஆர்டிபி டீபக்கைப் போட்டு குரல் பாக்கெட் ரெண்டு பக்கமும் போகுதா வருதான்னு பார்த்தேன், நொடிக்கு அம்பது அம்பதாத் தாராளமாப் போய் வந்துட்டு இருந்தது. மொபைல்ல இருந்து திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். "ஹலோ, கேக்குதா? கேக்குது." வெச்சுட்டேன். ஒவ்வொரு தடவையும் எல்லாம் சரி.

திங்கக்கிழமை சாயங்காலம் சத்தி ரோட்டுல ஒரு பேக்கரியில டீயும் தேங்காய் பன்னும் சொல்லிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். கால் கணக்கு மொத்தத்தையும் இறக்கி, பேர்வாரியா இல்லாம, எத்தனை நொடி பேசினாங்கன்னு வரிசைப்படுத்தினேன். முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு. கீழ இழுத்துட்டே போறேன், திரையைத் தாண்டியும் முப்பத்திரண்டு. அதுக்கு மேல போன இன்கமிங் கால் ஒண்ணுகூட இல்ல.

ஆறு பேர், ஒரு வாரம், நூத்துக்கணக்கான கால். மனுஷன் கோவத்துல போனை வெச்சா பன்னெண்டுல வெப்பான், நாப்பத்தஞ்சுல வெப்பான். அத்தனை பேரும் கடிகாரத்தைப் பார்த்துட்டு முப்பத்திரண்டுலயே வெப்பாங்களா? டீ ஆறிப் போச்சு.

முப்பத்திரண்டு எங்கிருந்து வருதுன்னு சொல்றேன். அதுக்கு சிப் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும். நம்ம ஊர் லாரி புக்கிங் ஆஃபீஸை நினைச்சுக்கங்க. திருப்பூர்ல இருந்து பண்டல் அனுப்பறீங்க. சரக்கு லாரியில போகும். எல்.ஆர். சீட்டு தனியாப் போகும். சீட்டுல யாருக்கு, எங்க, பதில் எந்த அட்ரஸுக்குன்னு எழுதியிருக்கும். இன்டர்நெட் போன்லயும் இதேதான். சிப் என்பது சீட்டு. உங்க குரல் சரக்கு, அது ஆர்டிபின்னு வேற வழியில போகுது. ரெண்டும் ஒரே கால்தான், ஆனா ரெண்டு ரோடு. ஒண்ணு சரியா இருந்து இன்னொண்ணு அடைஞ்சிருக்கலாம். சரக்கு ரோடு அடைஞ்சா ரிங் போகும், எடுப்பாங்க, சத்தம் வராது. சீட்டு ரோடு அடைஞ்சா சத்தம் நல்லா இருக்கும், ஆனா வேற ஏதாவது கோளாறு பண்ணும்.

ஒரு கால் உள்ள வரும்போது சீட்டு மூணு தடவை கைமாறுது. ஆபரேட்டர் "இன்வைட்" அனுப்பறார்: உங்களுக்கு ஒரு கால் இருக்கு. நம்ம சர்வர் எடுத்ததும் "200 ஓகே" அனுப்புது: எடுத்துட்டேன், இனிமே எனக்கு ஏதாவது சொல்லணும்னா இந்த அட்ரஸுக்கு அனுப்பு. அந்த அட்ரஸ் எழுதற இடத்துக்கு கான்டாக்ட்னு பேரு. ஆபரேட்டர் அந்த அட்ரஸுக்கு "அக்"குனு ஒரு பதில் அனுப்பணும்: சரி, நீ எடுத்தது தெரிஞ்சுது. இந்த மூணாவது சீட்டு வந்தாத்தான் கால் உறுதி.

வரலைன்னா? நம்ம சர்வர் திரும்ப "200 ஓகே" அனுப்பும். அரை நொடி பொறுத்து ஒண்ணு. அப்புறம் ஒரு நொடி, ரெண்டு நொடி, நாலு நொடி விட்டு. எடுத்துட்டேன்யா, கேக்குதான்னு பத்து தடவை கூப்பிட்டுப் பார்க்கும். எத்தனை நேரம்? 2002-ல வந்த சிப் விதிமுறை, ஆர்எஃப்சி 3261-ன்னு பேரு, அதுல அடிப்படைக் கால அளவு அரை நொடி. அதை அறுபத்து நாலால பெருக்கணும். முப்பத்திரண்டு நொடி. அதுக்குள்ள "அக்" வரலைன்னா, எதிர்ல ஆளே இல்ல போலன்னு முடிவு பண்ணி நம்ம சர்வரே "பை" அனுப்பிக் காலை முடிச்சுடும். மேஜையில யாரும் எதையும் தொடல. ஆனா "பை" கிளம்பினது நம்ம பக்கம். என் ரிப்போர்ட்டுல "யார் வெச்சாங்க"ங்கற பத்தியில விழுந்தது அதுதான்.

பேக்கரியில இருந்தே எஸ்என்கிரெப்புங்கற கருவியைச் சர்வர்ல ஓட விட்டேன். சிப் சீட்டு போறதையும் வர்றதையும் அம்புக்குறி போட்டு, ஏணி மாதிரி படமாக் காட்டும். இந்தத் தொழிலுக்கு வர்றவங்க முதல்ல இதைக் கத்துக்கங்க, மத்ததெல்லாம் அப்புறம். படத்துல ஆபரேட்டர்கிட்ட இருந்து ஒரு இன்வைட். நம்மகிட்ட இருந்து 200 ஓகே, 200 ஓகே, 200 ஓகே. அந்தப் பக்கத்துல இருந்து ஒரு அம்புகூட இல்ல. கடைசியா நம்ம பை. கான்டாக்ட்ல என்ன அட்ரஸ் எழுதியிருக்குன்னு திறந்து பார்த்தேன். 192.168-ல ஆரம்பிக்குது.

அது ஆஃபீஸ் உள் அட்ரஸ். ஆபரேட்டர் தனி ஃபைபர் போட்டு, அதுக்கு 10-ல ஆரம்பிக்கற ஒரு அட்ரஸ் கொடுத்திருந்தார். நடுவுல ஃபயர்வால் ஒண்ணு ரெண்டையும் மாத்திக் கொடுக்குது. வெளிய போற சீட்டுல ஆபரேட்டருக்குத் தெரிஞ்ச அட்ரஸை எழுதணும். நான் எழுதினது வீட்டுக்குள்ள மட்டும் தெரியற அட்ரஸ். "மாடியில ரெண்டாவது ரூம்"னு எழுதித் தபால் போட்ட மாதிரி.

பழைய சான்-சிப்ல இதுக்கு ஒரே ஒரு வரிதான். வெளி அட்ரஸ் இதுன்னு சொன்னா சீட்டுக்கும் சரக்குக்கும் அதையே எடுத்துக்கும். பிஜேசிப்ல அதை ரெண்டு வரியாப் பிரிச்சுட்டாங்க. எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ், எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸ். நான் முதல் வரியை எழுதினேன். குரல் அதனாலதான் கண்ணாடி மாதிரி இருந்தது. ரெண்டாவதை விட்டுட்டேன். இதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துலயும் இப்படியே விட்டிருக்கேன், அங்க ஒண்ணும் ஆகல. சில ஆபரேட்டர்கள் கான்டாக்ட்ல என்ன எழுதியிருந்தாலும் கண்டுக்காம, சீட்டு வந்த வழியிலயே பதிலைத் திருப்பி அனுப்பிடுவாங்க. இவங்க விதிப்படி நடக்கறவங்க.

அந்த அக்கா சொன்ன ரெண்டாவது விஷயமும் இப்ப உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். நாம வெளிய கூப்பிடும்போது இன்வைட் அனுப்பறது நாம, கடைசி "அக்" அனுப்பறதும் நாம. அதனால கால் நிக்கும். ஆனா எதிர்ல இருக்கறவர் போனை வெச்சா ஆபரேட்டர் "பை" அனுப்பணும், எங்க? அதே தப்பான அட்ரஸுக்கு. வந்து சேராது. அவங்க போன்ல நிமிஷம் ஓடிட்டே இருக்கும். சனிக்கிழமை அவங்க சொன்னதை ஒரு பேப்பர்ல எழுதிப் பார்த்திருந்தாலே போதும், பதில் கிடைச்சிருக்கும்.

சரி, ஒரு வரி சேர்த்தேன். ரீலோட் பண்ணினேன். மொபைல்ல கூப்பிட்டேன். முப்பத்திரண்டுல கட். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அரை மணி நேரம் வேற எதை எதையோ தோண்டினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது: பிஜேசிப்ல அந்த ரெண்டு வரியும் இருக்கறது ட்ரான்ஸ்போர்ட் பகுதியில. அதுல பண்ற மாற்றத்தை ரீலோட் சாதாரணமா எடுத்துக்காது, ஆஸ்டரிஸ்கையே ரீஸ்டார்ட் பண்ணணும். ரீலோட் எந்தக் குறையும் சொல்லாம முடிஞ்சுடும், அதான் ஆபத்து. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்துல "கோர் ரீஸ்டார்ட் வென் கன்வீனியன்ட்" கொடுத்தேன். ஓடிட்டு இருக்கற கால் எல்லாம் முடியற வரைக்கும் காத்திருந்து அப்புறமா ரீஸ்டார்ட் ஆகும்.

அப்புறம் வெளிய வேப்பமரத்தடியில நின்னுட்டு மொபைல்ல கூப்பிட்டேன். அந்த அக்காதான் எடுத்தாங்க. "அக்கா, ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா லைன்ல இருங்க"ன்னேன். முப்பது. முப்பத்தொண்ணு. முப்பத்திரண்டு. முப்பத்திமூணு. ரெண்டு நிமிஷம் நின்னேன். "இப்ப நான் வெக்கறேன், உங்க போன்ல போகுதான்னு பாருங்க"ன்னு வெச்சேன். ஜன்னல் வழியாக் கையை ஆட்டினாங்க. போயிடுச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் அந்த ஒரு வாரத்து ரெக்கார்டிங்கை உக்காந்து கேட்டேன். யாரும் கேக்கச் சொல்லல. கிணத்துக்கடவு பக்கத்து விவசாயி ஒருத்தர். ரெக்கார்டிங்ல பதினாலு நொடி நம்ம வரவேற்புக் குரல். நாலு நொடி ரிங். மிச்சம் இருக்கற பதினாலு நொடிதான் அவருக்கு. "மோட்டார் ஓடுதுங், தண்ணி ஏற மாட்டேங்குதுங். இப்பத்தான் மூணு பேஸ் கரண்ட் வந்துச்சுங், தென்னைக்கு விட்டு எட்டு நாள்..." கட். திரும்பக் கூப்பிடறார். திரும்ப வணக்கம், தமிழுக்கு ஒன்று. வேற ஒரு ஆள் எடுக்கறாங்க, முதல்ல இருந்து சொல்றார். கட். ஏழு தடவை. ஏழாவது தடவை அவர் கதையே சொல்லல. எடுத்ததும், "கண்ணு, வெச்சறாத, வெச்சறாத, நான் சொல்லீர்றேன்"னு வேகவேகமாப் பேசறார். மோட்டார் மாடல் நம்பர்ல பாதி சொல்லியிருப்பார். ரெக்கார்டிங் அங்க முடியுது. இந்தப் பக்கம் இருந்த பொண்ணு "ஐயா, நான் வெக்கலீங்கய்யா"ன்னு சொல்றதும் பாதியோட நின்னு போகுது.

மூணு பேஸ் கரண்ட் பகல் முழுக்க இருக்காது, முறை வெச்சுத்தான் வரும்னு ஊர்ல தோட்டம் இருக்கறவங்களுக்குத் தெரியும். அந்த நேரம் போச்சுன்னா போச்சு. அந்த நம்பர்களை எல்லாம் லிஸ்ட் எடுத்து, திரும்பக் கூப்பிடச் சொல்லி டெஸ்க்குல கொடுத்தேன். அவரை முதல்ல கூப்பிட்டாங்க. உள்ளூர் மெக்கானிக்கை வெச்சுச் சரி பண்ணிட்டாராம். இனி உங்க மோட்டாரே வாங்க மாட்டேன்னு சொன்னாராம்.

மெமோ விஷயத்துக்கு வர்றேன். மேனேஜர்கிட்டப் போய், "சார், தப்பு என்னோடது, அவங்க யாரும் கட் பண்ணல"ன்னு சொன்னேன். "சரி விடுங்க தம்பி, இப்பச் சரியாயிடுச்சுல்ல"ன்னார். மெஷின் சரியாயிடுச்சு, ஃபைல்ல மெமோ அப்படியே இருக்கு. அதனால எழுத்துல கொடுத்தேன். ஒரு பக்கம். என்ன வரி விட்டுப் போச்சு, ஏன் முப்பத்திரண்டு, என் ரிப்போர்ட்டுல "நம்ம பக்கம்"னு வந்ததுக்கு என்ன அர்த்தம், கூடவே முப்பத்திரண்டு நொடிக் கால்களோட பட்டியல். எச்.ஆர்.ல அதை அவங்க ஃபார்மட்டுல கேட்டாங்க, அந்த ஃபார்மட்டுலயும் கொடுத்தேன். மூணு வாரம் கழிச்சு மெமோவை எடுத்தாங்க. இன்சென்டிவ் ஜூன் சம்பளத்துலதான் வந்தது.

அந்த அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "நீங்க வந்து சொன்னீங், அது போதுங்"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா நான் அன்னைக்கே சொன்னனுங்களே தம்பி"ன்னாங்க. அதுக்கு என்கிட்டப் பதில் இல்ல.

ரிப்போர்ட்டை மாத்தினேன். "யார் வெச்சாங்க"ங்கற பத்தியை எடுத்துட்டு "பை எங்கிருந்து கிளம்புச்சு"ன்னு போட்டேன். அதுல ஆள் பேர் வராது. முப்பத்தொண்ணுல இருந்து முப்பத்திமூணு நொடிக்குள்ள முடியற கால் ஒரு நாள்ல பத்துக்கு மேல போனா எனக்கு ஒரு மெசேஜ் வரும்.

உங்க கேள்விக்குப் பதில் இப்போ. கால் எத்தனை நொடியில கட் ஆகுதுன்னு முதல்ல பாருங்க. ஒவ்வொரு தடவையும் முப்பத்திரண்டுன்னா "அக்" வரல, கான்டாக்ட் அட்ரஸைப் பாருங்க. வீட்டு ரவுட்டர் மாதிரி சின்ன ரவுட்டர் நடுவுல இருந்தா அதுல சிப் ஏஎல்ஜின்னு ஒண்ணு இருக்கும். உதவி பண்றேன்னு சீட்டுல இருக்கற அட்ரஸை அடிச்சு எழுதும், பல தடவை தப்பாவே எழுதும், அதை அணைச்சுடுங்க. சரியா பதினஞ்சு நிமிஷம் இல்ல முப்பது நிமிஷத்துல கட் ஆச்சுன்னா அது வேற வியாதி, செஷன் டைமர். வழக்கமா 1800 நொடி இருக்கும், பாதியில ஒரு தடவை புதுப்பிக்கணும், அந்தப் புதுப்பிப்புச் சீட்டு தொலைஞ்சிருக்கும். ஒவ்வொரு தடவையும் வேற வேற நேரத்துல கட் ஆகுதுன்னா மட்டும் கேபிளையும் நெட்டையும் சந்தேகப்படுங்க.

டெஸ்ட் பண்ணும்போது "ஹலோ கேக்குதா"ன்னு கேட்டுட்டு வெச்சுடாதீங்க. ரெண்டு நிமிஷம் லைன்ல இருங்க. அப்புறம் ஒரு தடவை அந்தப் பக்கத்துல இருந்து வெக்கச் சொல்லுங்க, ஒரு தடவை நீங்க வெச்சுப் பாருங்க. உள்ள வர்ற காலுக்கும் வெளிய போற காலுக்கும் தனித்தனியா. ஆறு நிமிஷ வேலை. அந்த ஞாயித்துக்கிழமை ராத்திரி வாட்ச்மேன் அண்ணன்கிட்ட ரெண்டு நிமிஷம் ஊர்க்கதை பேசியிருந்தா இந்த எபிசோடே இல்ல.

ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க: சிம் கார்டு போடற கேட்வே வாங்கி, வெளிநாட்டுக் காலை உள்ளூர் கால் மாதிரி இறக்கலாமா, செலவு கம்மியாகுமேன்னு. கூடாது. அது சட்டவிரோத எக்ஸ்சேஞ்ச், போலீஸ் வீட்டுக்கு வரும். லைசென்ஸ் இருக்கற ஆபரேட்டர்கிட்ட சிப் ட்ரங்க் வாங்குங்க. கால் சென்டர் நடத்தறதுக்கான பதிவு விதியைக்கூட 2020 நவம்பர்லயே எடுத்துட்டாங்க, முன்ன மாதிரி தொந்தரவு இல்ல.

அடுத்த வாரம் இன்னொரு ரோடு. ரிங் போகுது, எடுக்கறாங்க, நீங்க பேசறது அவங்களுக்குக் கேக்குது, அவங்க பேசறது உங்களுக்குக் கேக்கல. ஒரு பக்கச் சத்தம். உங்ககிட்ட எஸ்என்கிரெப் படம் இருந்தா அனுப்புங்க, அட்ரஸை மறைச்சுட்டு அனுப்புங்க. வரட்டுங்களா.